வலி வருமுன் விழித்திருப்போம்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றப்பட்ட உரை. நேரில் வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் இங்கே தருகிறோம்.)

அன்பான சகோதர சகோதரிகளே,

ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் உங்களில் உண்டு. வீட்டில் பிள்ளைகள் சேர்த்த உண்டியலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த தாய்மார்களும் உண்டு. அந்த அன்புக்கு நாங்கள் எவ்வளவாய் நன்றி சொல்லுவோம்!

வழக்கமாக இந்தக் கூடுகையில் கடந்த ஆண்டு எத்தனை பிரசவம், எத்தனை அறுவை சிகிச்சை, என்ன கட்டடம் எழும்பிற்று என்று சொல்லுவோம். அந்த அறிக்கை அச்சிடப்பட்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே இன்று உங்கள் காணிக்கையைப் பற்றிப் பேசாமல் உங்களைப் பற்றியே பேச விரும்புகிறோம். எங்களைத் தாங்குகிற கரங்கள் நாளை எங்கள் வார்டில் ஊசி குத்தப்பட்டுக் கிடக்கக் கூடாது என்பதே எங்கள் பாரம். மருத்துவமனைக்காரர்கள் வந்து, "எங்களிடம் வராதிருங்கள்" என்று கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதைத்தான் கேட்க நிற்கிறோம்.

அன்றைய வியாதிகளும் இன்றைய வியாதிகளும்

நம் நாட்டில் மிஷன் மருத்துவமனைகள் தொடங்கின காலத்தை நினைத்துப் பாருங்கள். 1900-ஆம் ஆண்டில் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். அந்நாட்களில் காலரா, பிளேக், பெரியம்மை, பிரசவ மரணம், குஷ்டம் என்பவையே ஜனங்களை வாரிக்கொண்டு போயின. அநேகம் வியாதிகள் வந்த அன்றே தங்களை அறிவித்துவிடும். காய்ச்சல் அடிக்கும், வயிறு போகும், வலியில் மனிதன் கதறுவான். வீட்டார் மாட்டு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள்.

இன்று எங்கள் வார்டுகளில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஆறாத புண்ணினால் பாதத்தை இழக்கப் போகிற சர்க்கரை நோயாளி ஒருவர். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிற குடும்பத் தலைவர் ஒருவர். பக்கவாதத்தினால் ஒரு கையும் ஒரு காலும் பேச்சும் போன தாய் ஒருவர். மாரடைப்பு, வாய்ப் புற்றுநோய் என்று வரிசை நீளுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாடு முழுவதும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர். சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடியே 50 லட்சம் பேர்.

இந்தக் கூடத்தில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பத்துப் பேரில் யாரோ சிலர் இந்தக் கணக்கிற்குள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கே அது தெரியாது. ஏன் தெரியாது? வலிக்கவில்லை. அதுதான் இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்த ஒரே காரியம்.

வலி என்னும் காவல்காரன்

டாக்டர் பால் பிராண்ட் என்ற பெயரை உங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். கொல்லி மலையில் ஊழியம் செய்த மிஷனெரி தம்பதிக்கு 1914-ல் பிறந்தவர். 1946-ல் அறுவை சிகிச்சை மருத்துவராக வேலூருக்கு வந்தார். குஷ்டரோகிகளின் விரல்கள் அந்த வியாதியினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். அவர் பொறுமையாகக் கவனித்துப் பார்த்தார். வியாதி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. உணர்ச்சி இல்லாதவன் சூடான சட்டியை வெறுங்கையால் தூக்குகிறான். முள் தைத்த காலோடு நடக்கிறான். தூக்கத்தில் எலி கடித்தும் அறியாதிருக்கிறான். விரல்களைக் கொண்டுபோனது வலி இல்லாத நிலைமையே என்று அவர் கண்டறிந்தார். வலி மனிதனுக்குச் சத்துரு அல்ல, சரீரத்தின் காவல்காரன் என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

1966-ல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் குஷ்டரோக மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது, வேலூரில் கண்ட அதே புண்களையே கண்டார். அங்கும் உணர்ச்சியற்ற பாதம். அங்கும் காவல்காரன் தூங்கிவிட்டான். குஷ்டரோகிகளின் பாதங்களைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட வழிகள் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் காப்பாற்றின. இன்று எங்கள் செருப்புக் கூடத்தில் தைக்கிற மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகளை இரு தரத்தாரும் அணிகிறார்கள்.

பாதத்தில் அவர் கண்ட காரியம் இன்று பெருகியிருக்கிற மற்ற வியாதிகளுக்கும் பொருந்துகிறது. இரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் எந்த அடையாளமும் இருக்காது. "தலை சுற்றவில்லையே, எனக்கு எதற்கு பி.பி. மாத்திரை?" என்று கேட்கிறவர்கள் அநேகர். சர்க்கரை மெல்லக் கூடுகிறபோது பல வருஷம் ஒன்றும் தெரியாது. சிறுநீரகம் பெரும் பகுதி கெட்டுப்போகும் வரைக்கும் முறையிடாது. நீடித்த சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாரடைப்புகூட நெஞ்சு வலி இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலாகவோ வியர்வையாகவோ வரலாம். வாய்ப் புற்றுநோயும் அப்படியே. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை தோன்றும், வலிக்காது, ஆகவே காட்டமாட்டார்கள். பக்கவாதமும் பல வேளைகளில் வலிப்பதில்லை. வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறுகிற மனிதரை, "அசதியாயிருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகும்" என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பாயிலேயே கழிந்துவிடுகிறது.

சரீரத்தின் காவல்காரன் தூங்குகிற இடத்தில் நாமே விழித்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

உண்மையாகவே தடுக்க முடியுமா?

"எங்கள் அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு சுகர். எனக்கும் வந்தே தீரும். என்ன செய்து என்ன?" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பரம்பரை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முடிவான தீர்ப்பு அல்ல.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் அவர்களின் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2006-ல் வெளியாயின. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை அதில் சேர்த்தார்கள். ஒரு கூட்டத்தாருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். இன்னொரு கூட்டத்தாருக்கு நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்த நடை, சாப்பாட்டில் சீனியும் மாவும் கொழுப்பும் குறைவு, நார்ச்சத்து கூடுதல். ஏறக்குறைய மூன்று வருஷ முடிவில் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவும் மாற்றினவர்களில் 39 பேருக்கே வந்தது. இவர்களுடைய எடை பெரிதாகக் குறையவுமில்லை. "இத்தனை நாள் நடந்தும் எடை இறங்கவில்லையே" என்று சோர்ந்து நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தராசு காட்டாத நன்மையும் சரீரத்துக்குள் நடக்கிறது. இதே ஆய்வில் மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட கூட்டத்தாருக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இவ்வளவே.

இன்னொரு சாட்சி தூர தேசத்திலிருந்து. பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்ற ஏழை மாகாணம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள் மாரடைப்பினால் மடிவது உலகத்திலேயே மிக அதிகமாயிருந்த இடங்களில் அதுவும் ஒன்று. காட்டில் மரம் வெட்டுகிற பலசாலிகள்தான். ஆனால் எதிலும் வெண்ணெய், எதிலும் உப்பு, கையில் சிகரெட். அவ்விடத்து ஜனங்களே அரசாங்கத்திடம் உதவி கேட்டு மனுச் செய்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் வேலை தொடங்கிற்று.

அவர்கள் பெரிய ஆஸ்பத்திரி கட்டவில்லை. மார்த்தா சங்கம் என்று அந்நாட்டில் இல்லத்தரசிகளின் சங்கம் ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டு, கொழுப்பும் உப்பும் குறைத்துக் காய்கறி சேர்த்துச் சமைத்து, எல்லாரையும் உட்கார்த்திச் சாப்பிட வைத்தார்கள். வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், கொழுப்பு எடுத்த பால், தோட்டத்துப் பழங்கள் என்று பழக்கம் மாறிற்று. சிகரெட் குறைந்தது. நாற்பது வருஷத்துக்குள் அவ்விடத்தில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைந்தது. நல்ல மருந்துகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் பெரும் பங்கு சமையல் அறையிலும் சாப்பாட்டு மேசையிலுமே நடந்தது. இந்தக் கூடத்திலுள்ள பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, அளந்து பாருங்கள். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவை வீட்டிலேயே தையல் டேப்பினால் அளக்கலாம். நம் நாட்டாருக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. ஒல்லியான கையும் காலும் இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தால் அதுவும் எச்சரிக்கையே. பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காப்பி குடித்த உடனும் படியேறி வந்த உடனும் பார்க்கக் கூடாது. 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயப்படாமல் வேறொரு நாளில் மறுபடியும் பாருங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதிருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழே இருப்பது நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபடியும் சோதித்து உறுதி செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். எங்களிடந்தான் வர வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, நடங்கள். வாரத்துக்கு 150 நிமிஷமாவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற வேகம் போதும். "வீட்டு வேலையே போதும்" என்று தாய்மார்கள் சொல்லுவார்கள். வீட்டு வேலை நல்லதுதான். ஆனாலும் மூச்சு வாங்கும்படி தொடர்ந்து நடப்பதன் பலன் தனி.

மூன்றாவது, சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். நம் தட்டில் சோறு மலை போலவும், பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியுமாக இருக்கிறது. இந்தியர் உண்ணும் உணவின் ஆற்றலில் நூற்றுக்கு ஏறக்குறைய 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்லுகிறது. தட்டில் பாதி காய்கறியும் கீரையுமாக இருக்கட்டும். கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி. மற்றக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன். பழச்சாறாகக் குடியாமல் பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "சீனிதானே கெடுதல், நாங்கள் கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கிறோம்" என்று சொல்லுகிறவர்கள் நம் பக்கத்தில் மிகுதி. கருப்பட்டியில் சில சத்துகள் உண்டு. ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. தேனும் அப்படியே. இரத்தத்துக்குள் போன பின் அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று சரீரம் கேட்பதில்லை.

நான்காவது, உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் ஜனங்கள் 8 கிராமும் அதற்கு மேலும் சாப்பிடுகிறார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், மோருக்குப் போடுகிற உப்பு எல்லாம் கணக்கில் சேரும். சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இந்துப்பும் உப்புதான் என்பதை மறவாதிருங்கள்.

ஐந்தாவது, புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம். பீடி, சிகரெட் மட்டும் அல்ல. வெற்றிலையோடு அடக்குகிற புகையிலை, பல்லில் தேய்க்கிற பொடி, எல்லாம் சேர்த்தே சொல்லுகிறோம். நம் கிராமத்துப் பாட்டிமார்களின் வாய்ப் புற்றுநோய்க்கு அதுவே பெரிய காரணம். புகைப்பதை நிறுத்தின ஒரு வருஷத்தில், அதனால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறைகிறது. எந்த வயதிலும் நிறுத்துவதில் லாபம் உண்டு. மதுவிலும் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஆறாவது, சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். கால் ஆணியைப் பிளேடால் வெட்டாதிருங்கள். ஆலயத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உச்சி வெயிலில் சுட்ட சிமெண்டுத் தரையில் நடந்து, பாதம் கொப்புளித்தும் அறியாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. வாசல் வரைக்கும் செருப்போடு வர அவர்களுக்கு இடங்கொடுங்கள். செருப்பு வைக்க நிழலில் ஒரு பலகை போடுங்கள். அந்தப் பலகை ஒரு காலைக் காப்பாற்றலாம்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை

இதை அன்போடு சொல்லுகிறோம், அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். "நான் நன்றாக இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பக்கவாதத்தோடு வருகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் நன்றாக இருந்ததே அந்த மாத்திரையினாலேதான். சுகத்துக்காக ஜெபித்தபின் மாத்திரையைத் தொடர்வது விசுவாசக் குறைவு என்று எண்ணி நிறுத்துகிறவர்களும் உண்டு. ஜெபத்தை நிறுத்தும்படி நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். நாங்களே நாள்தோறும் ஜெபத்தோடு வார்டுக்குள் போகிறவர்கள். ஆனால் மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ பரிசோதனைக்குப் பின், மருத்துவரின் சொல்லின்படி நடக்கட்டும். உணர்வை நம்பாதிருங்கள். இந்த வியாதிகளில் உணர்வுதான் முதலில் ஏமாற்றும் என்று இவ்வளவு நேரம் பேசினோம்.

உபவாசத்தையும் குறிப்பிட வேண்டும். இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். உபவாச நாட்களுக்கு முன்னமே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துகிறவர்களும் இப்படிப்பட்டவர்களைச் சாப்பிடச் சொல்லி விடுவிப்பார்களாக.

சபையாக நாம் செய்யக்கூடியது

தனி மனிதனுக்குப் புத்தி சொல்லுவது எளிது. அவன் வாழும் இடம் மாறாவிட்டால் அந்தப் புத்தி நிலைக்காது. இரவுக் காவல் வேலை பார்க்கிறவருக்கு நடக்க நேரம் எங்கே? எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மீந்த சோற்றையும் குழம்பையும் சாப்பிடுகிற தாய்க்குக் காய்கறி எங்கே? வியாதிப்பட்டவரைப் பார்த்து, "நீயே வருவித்துக்கொண்டாய்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒழுங்காய் வாழ்ந்தவர்களுக்கும் வியாதி வருகிறது. ஆனால் ஆபத்தைக் குறைக்கிற வழியை ஒருவருக்கொருவர் எளிதாக்கலாம்.

எங்கள் வேண்டுகோள்கள் சிறியவை. ஞாயிறு ஆராதனைக்குப்பின் கொடுக்கிற தேநீரில் சீனியைத் தனியாக வையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். வடைக்குப் பதில் மாதத்தில் இரண்டு வாரமாவது சுண்டல் கொடுங்கள். அசன விருந்தை நாங்கள் கெடுக்க வரவில்லை. அது வருஷத்துக்கு ஒருநாள் சந்தோஷம். ஆனால் அந்தப் பந்தியில் ஒரு காய்கறி கூட்டையும் வையுங்கள். சமையல்காரரிடம் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். வாலிபர் சங்கத்தார் வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஆலய வளாகத்திலிருந்து புறப்படுகிற நடைக் குழு ஒன்றை ஏற்படுத்துங்கள். விதவைகளும் தனியே வசிக்கும் முதியோரும் வரும்படி வீடு வீடாகக் கூப்பிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், சபையிலுள்ள ஓய்வுபெற்ற நர்சு ஒருவர் ஒரு மேசை போட்டு பி.பி. பார்க்கட்டும். சோதிக்கப்பட்ட நல்ல பி.பி. கருவி ஒன்று சபைக்கு இருந்தால் போதும். நம் சபைகளில் ஓய்வுபெற்ற நர்சுகளுக்குக் குறைவில்லை.

டயாலிசிஸ் பிரிவுக்கு நீங்கள் கொடுத்த காணிக்கை எத்தனையோ குடும்பங்களை வாழ வைக்கிறது. அதை நிறுத்தும்படி கேட்கவில்லை. தேவை பெருகியே வருகிறது. ஆனால் ஒரு இயந்திரம் வாங்கினால் அதின்மேல் பெயர்ப் பலகை பதிக்கலாம். ஆலயத்து மேசையில் ஒரு நர்சு கண்டுபிடித்த இரத்த அழுத்தத்தினால் ஒருவருடைய சிறுநீரகம் கெடாமல் தப்பினால், அதற்குப் பெயர்ப் பலகை இல்லை. தப்பினவருக்கே தெரியாது. அவர் ஒரு நாளும் எங்களிடம் வந்து நன்றி சொல்லமாட்டார்; அவர் பெயர் எங்கள் ஆண்டறிக்கையில் வராது. அப்படிப்பட்ட பெயரில்லாத காணிக்கையையும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

முடிவாக ஒரு காரியம். இன்று வெளியே போகும்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு அட்டை கொடுப்போம். அதில் மூன்று கோடுகள் இருக்கும்: இரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு. மூன்று மாதத்துக்குள் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போய் அதை நிரப்புங்கள். உங்கள் வீட்டில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லுகிற ஒருவருக்காகவும் இன்னொரு அட்டை வாங்கிக்கொண்டு போங்கள். அவருக்கு வலி இல்லாதிருக்கலாம். அதனாலேயே அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த ஆண்டுக் கூடுகையில் உங்கள் எல்லாரையும் சுகத்தோடே, நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கக் காண வாஞ்சையாயிருக்கிறோம். பிற்பகல் உணவுக்குச் சுண்டலும் மோரும் ஆயத்தமாயிருக்கிறது. மோரில் உப்பு குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜெபத்தாலும் ஈகையாலும் தாங்கப்படுகிற,
மருத்துவமனை ஊழியர்கள்